இந்த இலக்கம் யாருடையது? தெரியாத அழைப்புகளும் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகளும்

பாடசாலையில் தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுப்பவன் என்பதால் வகுப்பறைக்கு வெளியிலும் எனக்கொரு வேலை தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. பெற்றார் கூட்டம் முடிந்ததும், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும், ஏன், கலியாண வீட்டிலும்கூட யாராவது ஒருவர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டுவார். "ஸேர், இந்த நம்பர் ஆர்ர எண்டு ஒருக்கா பாத்துத் தாங்களன்." சிலருக்கு அது வெறும் ஆவல். இன்னும் சிலரின் முகத்தைப் பார்த்தாலே விடயம் பாரதூரமானது என்பது விளங்கிவிடும். இரவில் தூக்கமில்லாமல் வந்திருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கான நேரடிப் பதில், பார்த்துத் தர முடியாது என்பதுதான். என்னால் மட்டுமல்ல, தனியார் எவராலும் சட்டபூர்வமாக முடியாது. ஒரு கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் காட்டும் பொதுப் பதிவேடு இலங்கையில் இல்லை. அந்த விபரங்கள் சிம் அட்டையை வழங்கிய நிறுவனத்திடம் இருக்கின்றன. வாடிக்கையாளரின் விபரங்களை வெளியாருக்குக் கொடுக்காமல் இரகசியமாகப் பேண வேண்டிய கடப்பாடு அந்நிறுவனத்துக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. சிலர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் என்ன என்று கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான அது பொது அதிகார சபைகளிடமிருந்து தகவல் பெறுவதற்கானது. அதிலும் பிறரின் தனிப்பட்ட தகவலை மறுப்பதற்கு 5ஆம் பிரிவில் இடமுண்டு. ஆகவே அந்தக் கதவும் திறக்காது.

இதில் எரிச்சல்படுபவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன். உங்கள் மகளின் இலக்கத்தை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவன் அவளது பெயரையும் வீட்டு முகவரியையும் கேட்டால் நிறுவனம் கொடுக்கலாமா? அவளுக்காகப் பூட்டிய கதவு உங்களுக்கும் பூட்டித்தான் இருக்கும்.

ஆனாலும் நம்மிடையே ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்யும் மச்சான் ஒருவர், அல்லது பழக்கமான அதிகாரி ஒருவர். "அவருக்கிட்டச் சொன்னா அஞ்சு நிமிசத்தில எடுத்துத் தருவார்" என்று பெருமையாகச் சொல்கிறோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவை இவர்கள் வாசித்திருக்க மாட்டார்கள். சட்டபூர்வ அதிகாரமின்றி ஒரு கணினியிலிருந்து பெறப்பட்ட தகவல் என்று தெரிந்துகொண்டே அதை வாங்குவதும், பெற்றுக்கொள்வதும், வைத்திருப்பதும், பிறருக்குக் கொடுப்பதும் அந்தப் பிரிவின்படி குற்றம். எடுத்துக் கொடுத்த மச்சானின் தொழில் மட்டும் போவதில்லை, வாங்கியவரும் மாட்டிக்கொள்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. அப்படி எடுத்த பெயரைப் பொலிஸ் நிலையத்தில் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி முதலில் வரும். பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடுகிறார்.

அடுத்தது ட்ரூகொலர் போன்ற செயலிகள். இவற்றைப் பாவிப்பது குற்றமல்ல, நானும் பார்ப்பதுண்டு. ஆனால் அது காட்டும் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். 2009இல் சுவீடனில் ஆரம்பிக்கப்பட்ட அந்தச் செயலிக்கு இலங்கை நிறுவனங்களின் பதிவேடு கிடைப்பதில்லை. அந்த இலக்கத்தை மற்றவர்கள் தங்கள் தொலைபேசியில் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்களோ, பாவனையாளர்கள் என்ன பெயரைக் கொடுத்திருக்கிறார்களோ அதைத்தான் திரட்டிக் காட்டுகிறது. "மீன் நானா", "ஆட்டோ புதுசு" என்றெல்லாம் பெயர் வருவது அதனால்தான்.

எங்கள் பகுதியில் பதினோராம் தரத்தில் படித்த ஒரு பிள்ளைக்கு இரவில் தொடர்ந்து அழைப்பு வந்தது. நானா அந்தச் செயலியில் பார்த்தார், ஒரு பெயரும் ஊரும் வந்தது. இரண்டு கூட்டாளிகளுடன் மோட்டார் சைக்கிளில் போய் அந்தப் பெயருக்குரியவரை வீட்டு வாசலில் வைத்து அடித்தும் விட்டார். அடிபட்டவர் அந்த இலக்கத்தைக் கைவிட்டு இரண்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. பாவனையில் இல்லாத இலக்கத்தை நிறுவனம் இன்னொருவருக்கு விற்றுவிட்டது, செயலியில் மட்டும் பழைய பெயர் அப்படியே கிடந்தது. தொல்லை கொடுத்தவன் எங்கோ நிம்மதியாக இருக்க, நானாவின் பெயரில்தான் பொலிஸ் முறைப்பாடு பதிவானது.

இலக்கத்தைப் பார்த்து நம்மால் அறியக்கூடியது மிகக் கொஞ்சம். 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிடெல். 078, 072 ஹட்ச். 075 எயார்டெல், 2024இல் டயலொக்குடன் இணைந்த பின்னும் அதே முன்னெண்தான். 067 என்று தொடங்கினால் கல்முனைப் பக்கத்து நிலையான தொலைபேசி, 011 என்றால் கொழும்பு. இதையும் சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையவழி அழைப்புகளில் திரையில் தெரியும் இலக்கத்தையே போலியாகக் காட்டும் தொழில்நுட்பம் இருக்கிறது. வங்கியின் இலக்கம் திரையில் தெரிகிறது என்பதற்காகப் பேசுபவர் வங்கி அதிகாரி ஆகிவிட மாட்டார்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது?

பிறருடைய இலக்கம் யாருடையது என்று தேடி அலையும் நாம், நம்முடைய அடையாள அட்டையில் எத்தனை இலக்கங்கள் ஓடுகின்றன என்பதைப் பார்ப்பதேயில்லை. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து.

நம் குடும்பங்களில் சிம் எடுக்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். வாப்பாவின் அடையாள அட்டையில் மகனுக்கு. நானாவின் பெயரில் தாத்தாவுக்கும் மச்சானுக்கும். கடை முதலாளியின் பெயரில் வேலைக்கு நிற்கும் பையன்கள் மூவருக்கு. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் ஸூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனபோது, பிள்ளைகளுக்கென்று அவசரம் அவசரமாக வாங்கிய சிம்கள் யார் யாருடைய பெயரிலோ பதிவாகின. அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். அந்த சிம்கள் எங்கே? சில கட்டாருக்குப் போய்விட்டன, சில கூட்டாளியின் கைக்கு மாறிவிட்டன, சில தெருவோரக் கடையில் பழைய போனோடு விற்கப்பட்டுவிட்டன. பதிவில் மட்டும் இன்னும் வாப்பாவின் பெயர்.

அந்த இலக்கத்திலிருந்து ஒரு மிரட்டலோ மோசடியோ நடந்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது வாப்பாவின் வீட்டு வாசலில். "நான் பாவிக்கிறதில்ல சேர்" என்பதை அவர்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரான மாதங்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கப்பலின் சுக்கான் படம் போட்ட ஆடையை அணிந்ததற்காக ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்ட நாடு இது. ஆடைக்கே அந்த விலை என்றால், உங்கள் பெயரில் பதிவான சிம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதற்கு என்ன விலை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலிருந்து #132# என்று அழைத்தால், அந்த சிம் உங்கள் அடையாள அட்டையில்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மக்களுக்குச் சொல்லிவரும் வழி இது. ஆனால் கையில் இல்லாத சிம்களைப் பற்றியும் அறிய வேண்டுமே. அதற்கு அடையாள அட்டையோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை நிலையத்துக்கு நேரில் போய், "என் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியுள்ள இணைப்புகள் எவை?" என்று கேளுங்கள். உங்கள் சொந்த விபரத்தை நீங்கள் கேட்கிறீர்கள், அதில் தவறேதும் இல்லை. ஒரு நிறுவனத்தில் கேட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. ஒருவரின் பதிவேடு மற்றவரிடம் இருக்காது. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சொல்லிக் கேட்பது நல்லது. இரண்டு இலக்கத்திலும் தனித்தனியாகப் பதிவுகள் கிடக்கலாம்.

தெரியாத இலக்கம் இருந்தால் துண்டிக்கும்படி எழுத்தில் கோருங்கள், திகதியோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மகனோ மருமகனோ பாவிக்கும் இலக்கமாக இருந்தால் இருவரும் ஒன்றாகப் போய்ப் பெயர் மாற்றிவிடுவது ஒரு காலை நேர வேலை. நிறுவனம் இழுத்தடித்தால் ஆணைக்குழுவின் 1900 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இந்நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது தொடர்பான பொறுப்பு அந்த ஆணைக்குழுவிடம்தான் இருக்கிறது.

மவுத்தானவர்களின் சிம்மையும் மறந்துவிடுகிறோம். உம்மாவின் இலக்கத்தை நினைவுக்காக அப்படியே வைத்திருப்போம், ரீலோட் போட மாட்டோம். சில மாதங்களில் அது செயலிழந்து பின்னர் வேறொருவருக்குப் போய்விடும். அந்த இலக்கத்தில் வங்கிக் கணக்கோ, பேஸ்புக்கோ, வட்ஸ்அப்போ இணைக்கப்பட்டிருந்தால் உறுதிப்படுத்தும் குறியீடுகள் புதியவரின் கைக்குப் போகும். மரணச் சான்றிதழோடு போய் ஒன்றில் வாரிசின் பெயருக்கு மாற்றுங்கள், இல்லையேல் எல்லா இணைப்புகளிலிருந்தும் அந்த இலக்கத்தை நீக்கிய பிறகு கைவிடுங்கள்.

அடையாள அட்டைப் பிரதி விடயத்திலும் நாம் தாராளம். போட்டோகொப்பி கடையில் பழுதான பிரதி என்று விட்டுவிட்டு வரும் தாளில் முழு விபரமும் இருக்கிறது. பாடசாலையில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். யாருக்காவது பிரதி கொடுத்தால் படத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல் குறுக்கே இரண்டு கோடு கீறி, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

அழைப்பவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்கலாம்

இலக்கத்தின் சொந்தக்காரரை அறிய முடியாவிட்டாலும், பேசுபவர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அது உண்மையா என்று அறிய நம்மிடம் வழி இருக்கிறது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவர் தராத வேறொரு வழியில் நாமே அந்த இடத்துக்கு அழைப்பதுதான் அது.

வங்கி என்றால் ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு எடுங்கள். ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் குறியீட்டை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது. பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், பிறகு பொலிஸ். வங்கி சரியாகக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் 1935 இல் இருக்கிறது.

வெளிநாட்டு வேலை என்று அழைத்தால் முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இல் விசாரியுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட கதைகள் பல தொடங்கியது இப்படியான ஒரு செய்தியிலும் அழைப்பிலும்தான். வீட்டிலிருந்தே யூடியூப்புக்கு லைக் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று வரும் செய்திக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். முதலில் ஆயிரம் ரூபா தருவார்கள், பிறகு ஒரு இலட்சம் வைப்புச் செய்யச் சொல்வார்கள்.

ஸீ.ஐ.டி.யிலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயர் ஒரு வழக்கில் வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்மவர்களின் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்கு நியாயம் இருக்கிறது, அதை நம்பித்தான் மோசடிக்காரனும் பேசுகிறான். பெயர், பதவி, எந்தப் பிரிவு, எந்த நிலையம் என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வையுங்கள். உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போயோ, 119 இல் கேட்டோ உறுதி செய்யுங்கள். உண்மையான அதிகாரி நீங்கள் உறுதி செய்வதைத் தடுக்கமாட்டார். "போனை வைக்காதே, யாருக்கும் சொல்லாதே, இந்தக் கணக்குக்குக் காசு போடு" என்று எந்தப் பொலிஸ் விசாரணையும் நடப்பதில்லை.

றமழானில் வரும் அழைப்புகள் வேறு வகை. சிறுநீரக நோயாளி, கட்டப்படும் பள்ளிவாசல், அனாதைப் பிள்ளைகள். உண்மையான தேவையோடு கேட்பவர்களும் இதில் இருக்கிறார்கள் என்பதால் எல்லோரையும் விரட்டிவிட முடியாது. எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் இலக்கத்தை நீங்களாகத் தேடி எடுத்து விசாரியுங்கள். மருத்துவ அறிக்கையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவது அத்தாட்சி ஆகாது, ஒரே அறிக்கை பத்துப் பெயரில் சுற்றும்.

வட்ஸ்அப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெண்களின் மார்க்க வகுப்புக் குழுக்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே ஒரு அழைப்பு அல்லது செய்தி வரும். ஸூமில் ஒரு பயான் நடக்கிறது, உங்களைச் சேர்க்க ஒரு குறியீடு வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த ஆறு இலக்கம் ஸூமுக்கானதல்ல, உங்கள் வட்ஸ்அப்பை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்கான சாவி. கொடுத்த சில நிமிடங்களில் உங்கள் கணக்கு பறிபோகும், உங்கள் பெயரில் உறவினர்களிடம் அவசரக் கடன் கேட்கப்படும். இப்படி நடந்துவிட்டால், உங்கள் தொலைபேசியில் வட்ஸ்அப்பை மீண்டும் உங்கள் இலக்கத்தில் பதிவு செய்யுங்கள். புதிய குறியீடு உங்கள் சிம்முக்கே வரும், அதைப் போட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் ஏற்கனவே இரட்டை உறுதிப்படுத்தல் இரகசிய எண்ணைப் போட்டிருந்தால் ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும். அந்த இரகசிய எண்ணை இன்றே நீங்கள் போட்டுவிட்டால் குறியீட்டை அறிந்தவனாலும் உள்ளே வர முடியாது. அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. உதவி தேவைப்பட்டால் இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியின் இலக்கம் 101.

நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் கலந்த ஒரு இலக்கத்தை அழுத்தச் சொன்னால் அழுத்த வேண்டாம். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திருப்பப்படலாம். ஏற்கனவே அழுத்தியிருந்தால் ##002# என்று அழைத்து எல்லாத் திருப்பல்களையும் நீக்கலாம்.

வெளிநாட்டு மிஸ்ட் கோல் நமக்குத் தனிப் பிரச்சினை. பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சவூதியில், கட்டாரில், குவைத்தில் இருக்கிறார். புது இலக்கமாக இருந்தாலும் மகனாக இருக்குமோ என்று உம்மாமார் திருப்பி எடுக்கிறார்கள். ஒரு தடவை ஒலிக்கவிட்டுத் துண்டித்து, திருப்பி எடுப்பவரிடம் அதிக கட்டணம் கறக்கும் இந்த முறைக்கு ஜப்பானிய மொழியில் வங்கிரி என்று பெயர். 966 சவூதி, 974 கட்டார், 971 அமீரகம், 965 குவைத் என்று ஒரு தாளில் எழுதித் தொலைபேசி வைக்கும் இடத்தில் ஒட்டிக் கொடுங்கள். வேறு எந்த நாட்டு இலக்கம் வந்தாலும் திருப்பி எடுக்கத் தேவையில்லை. இந்த நாட்டு இலக்கமாக இருந்தாலும் மகனுக்கு வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தொல்லை தொடரும்போது

பிழையான இலக்கம் என்று ஒருவர் ஒரு தடவை எடுப்பது தொல்லையல்ல. எடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்வது, ஆபாசமாகப் பேசுவது, படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுவது, பணம் கேட்பது எல்லாம் வேறு. தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவையும், 372ஆம் பிரிவு அச்சுறுத்திப் பறித்தலையும், 483ஆம் பிரிவு குற்றவியல் மிரட்டலையும், 399ஆம் பிரிவு ஆள்மாறாட்ட மோசடியையும் பற்றிப் பேசுகின்றன. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. கருத்துச் சுதந்திரத்துக்கு அந்தச் சட்டம் கேடு என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடுண்டு. ஆனால் இன்று அது நடைமுறையில் இருக்கும்வரை, பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு உதவும் பகுதியைப் பயன்படுத்தாமல் விட வேண்டியதில்லை.

உரிமையாளர் யார் என்ற கேள்விக்குச் சட்டபூர்வமான பதில் கிடைக்கும் இடமும் இதுதான். நீங்கள் முறைப்பாடு செய்தால், கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ், வாடிக்கையாளர் விபரங்களையும் தொடர்பாடல் தரவுகளையும் சேவை வழங்குநரிடமிருந்து நீதவானின் ஆணையுடன் பெற விசாரணையாளர்களுக்கு அதிகாரம் உண்டு. செயலி காட்டாத பெயரை அந்த ஆணை காட்டும். அழைத்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகில் அந்தத் தொலைபேசி இருந்தது என்பதும் தெரியவரலாம்.

அதற்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது சான்று. கோபத்தில் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இலக்கத்தையும் தடைசெய்துவிட்டு வருபவர்களே அதிகம். முதலில் அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு அழைப்பையும் எழுதிவையுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் வெட்டி ஒட்டாமல் மூலப் பிரதியைப் பேணுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியக் கட்டளை விசேட ஏற்பாடுகள் சட்டம் சம்பவ நேரத்துப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. இதையெல்லாம் செய்த பிறகு இலக்கத்தைத் தடைசெய்யலாம். அந்தப் படங்களைப் பேஸ்புக்கில் போட்டு "இவனைத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பதைத் தவிருங்கள். ஆளும் உஷாராவான், ஆள் மாறியிருந்தால் அவதூறு உங்கள் தலையில் விழும்.

பொலிஸ் நிலையத்தில் மொழி ஒரு சுவராக நிற்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்குக் கீழே, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி நீங்கள் வாய்மூலம் கொடுக்கும் முறைப்பாடு எழுதப்பட்டு, உங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்ட பிறகே கையொப்பம் பெறப்பட வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழில் எழுதிய முறைப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்: இலக்கம், முதல் அழைப்பு வந்த திகதி, என்ன சொன்னான், எத்தனை தடவை, என்ன சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கம் போதும். சின்ன விடயம் என்று திருப்பி அனுப்பப் பார்த்தாலும் பதிவு இலக்கத்தைப் பெறாமல் வர வேண்டாம். படங்களும் சமூக ஊடகக் கணக்குகளும் சம்பந்தப்பட்டிருந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் முறையிடலாம்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இருபது வருடங்களுக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். தொலைபேசித் தொல்லைக்கு ஆளான பிள்ளை வீட்டில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: சொன்னால் போனைப் பறிப்பார்கள், பாடசாலையை நிறுத்துவார்கள், கலியாணப் பேச்சைத் தொடங்குவார்கள். மிரட்டுபவனுக்கும் இது தெரியும். "வாப்பாவிடம் சொல்லவா?" என்பதுதான் அவன் கையிலுள்ள பெரிய ஆயுதம். வாப்பா தன் பக்கம்தான் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆயுதத்துக்குக் கூர் இல்லை. பிள்ளை சொன்ன அன்று ஏன் அவனுக்கு நம்பர் கொடுத்தாய் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பிறகு கேட்கலாம், அல்லது கேட்காமலே விடலாம்.

பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தின் பிரிவுகள் உள்ளன. பெண் பொலிஸாரிடம் முறைப்பாட்டைக் கொடுக்கலாம், 109 இல் அழைத்தும் பேசலாம். பிள்ளை பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. வளர்ந்த பெண்களுக்கு 1938. இணையவழித் தொந்தரவில் சிக்கிய பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் ஹிதவதி என்ற சேவையும் இருக்கிறது. முறைப்பாட்டுக்குப் பிறகு மிரட்டல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி மற்றும் பாதுகாப்பு வழங்கும் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.

பணம் கேட்டு மிரட்டுபவனுக்கு ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் ஐயாயிரத்தைக் கொடுத்தவரிடம்தான் அடுத்த கிழமை இருபதாயிரம் கேட்கப்படுகிறது. ஏற்கனவே ஈஸி கேஷிலோ வங்கியிலோ பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாமல் முறைப்பாட்டோடு இணையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்குக்கும் ஒரு அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது, நீதவானின் ஆணை அங்கும் போகும்.